ஆட்டத்துக்கு இரும்பு மருந்தல்ல

மோட்டார் சைக்கிள் வேகத்தில் ஆடுகிறதா? இஞ்சினைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷைக் கழற்றி எறி; லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து மாட்டு. ஹேண்டிலுக்கு ஒரு ஸ்டியரிங் டேம்பர், சேஸிக்குக் குறுக்கே ஒரு ஸ்டெபிலைசர் கம்பி. இன்று நம் பிள்ளைகளுக்கும் பேரன்களுக்கும் சொல்லப்படும் வைத்தியம் இதுதான். பணம் வீணாவதோடு போனால் நான் வாயைத் திறக்கமாட்டேன். உயிருக்கு உலை வைக்கும் வைத்தியம் இது.

அந்த ரப்பர் எதற்கு? பிஸ்டன் மேலும் கீழும் பாய்கிற இஞ்சின் உதறத்தான் செய்யும். கிராங்கில் எதிர் எடை வைத்தாலும் முழுதாகச் சமன் ஆகாது.

இங்கிலாந்தின் நார்ட்டன் கம்பெனி பட்ட பாடு இது. அவர்களுடைய இரட்டை சிலிண்டர் இஞ்சின் 500 சிசியிலிருந்து 750 வரை வளர்ந்தது. உதறலும் கூடவே வளர்ந்தது. 1967-இல் காட்சிக்கு வைத்த கமாண்டோவில் இஞ்சின், கியர்பாக்ஸ், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மூன்றையும் ஒன்றாகப் பூட்டி, மொத்தத்தையும் ரப்பரில் உட்காரவைத்தார்கள். மேலும் கீழும் அசையலாம், பக்கவாட்டில் அசையக்கூடாது. பக்கத்து இடைவெளி ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். அதை இறுக்கினால் உதறல் திரும்பிவிடும். தேய்ந்து அகன்றால் வண்டி நெளியும். அப்போது இடைவெளியைச் சரிசெய்வான் விவரம் தெரிந்த மெக்கானிக். ரப்பரைத் தூக்கி எறிந்தால் அத்தனை உதறலும் சேஸியில் இறங்கும். கை மரத்துப்போகும், நாளடைவில் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும்.

இறுக்கமே தப்பு என்று நான் சொல்லவில்லை. 1955 முதல் நம் சென்னையில் உருவான பழைய புல்லட்டைப் பாருங்கள். முன்பக்கக் குழாய் இஞ்சினோடு முடிந்துவிடும். இஞ்சினே சேஸியின் ஒரு பகுதி. அங்கே போல்ட் தளர்ந்தால் சேஸியே தளர்ந்தது போலத்தான். சிலிண்டர் தலையைச் சேஸியோடு பிடிக்கும் சின்னப் பட்டை வரை எல்லாம் இறுக்கமாக இருக்கவேண்டும். ஆகவே, வண்டியைச் செய்தவன் இறுக்கிய இடத்தை இறுக்கமாக வை. ரப்பரில் விட்ட இடத்தை ரப்பரில் விடு. அந்தப் புல்லட் கம்பெனியே உதறலைக் குறைக்க நினைத்து 2020-இல் மீட்டியார் 350 கொண்டுவந்தபோது, இஞ்சினுக்குள்ளேயே பேலன்சர் ஷாஃப்ட் வைத்தது. நோய் இருக்கிற இடத்தில் மருந்து.

அடுத்தது ஸ்டியரிங் டேம்பர். வண்டிக்கு ஆட்டம் இரண்டு வகை. ஒன்று ஹேண்டில் மட்டும் படபடவென்று அடிப்பது. மற்றது அதிக வேகத்தில் முழு வண்டியும் பாம்புபோல் நெளிவது. 1971-இல் ராபின் ஷார்ப் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கணக்குப் போட்டுக் காட்டினார்: டேம்பர் முதல் ஆட்டத்தை அடக்கும், அதிக வேகத்தில் இரண்டாவதைக் கூட்டும். ஹேண்டில் அடிப்பது நின்றதே என்ற தைரியத்தில் பைபாஸில் முறுக்குகிற பையனுக்கு என்ன காத்திருக்கிறது என்று யோசியுங்கள்.

"ரேஸ் வண்டியில் டேம்பர் இல்லையா?" என்பார்கள். உண்டு. அங்கே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் டயரையும் பேரிங்கையும் பார்க்கிறார்கள். இங்கே தேய்ந்த டயரின் மேல் டேம்பர் மாட்டுகிறார்கள். காய்ச்சல்காரனுக்குத் தெர்மாமீட்டரை உடைத்துப்போட்டது போல.

வண்டி ஆடினால் முதலில் டயரின் காற்று, தேய்மானம். அடுத்து ஹேண்டில் கோன் செட், ஸ்விங் ஆர்ம் புஷ், வீல் பேரிங், ஸ்போக்ஸ், இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் நிற்கிறதா, இஞ்சின் போல்ட், பின்னால் கட்டிய சுமை. பெரும்பாலும் குற்றவாளி இங்கேதான் அகப்படுவான். 

அடுத்த முறை பேரன் டேம்பருக்குக் காசு கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். கூடவே கடைக்குப் போய், "ஆட்டம் எங்கேயிருந்து வருகிறது தம்பி?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பெட்டியைப் பிரிக்கிற கடையிலிருந்து பேரனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிடுங்கள்.