தாய் உண்ட சோறும் பிள்ளையின் உயரமும்

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் பொம்மைக்கும் அகல்விளக்குக்கும் அச்சில் மண் வார்க்கும் பெண்களுள், அரசுப் பள்ளிச் சத்துணவு உண்டு வளர்ந்தோர் பலர். சிறுமிகளாய் அவர்கள் உண்ட சோறு, இன்று அவர்கள் பெற்ற பிள்ளைகளின் உடலில் இருக்கிறதா?

இருக்கிறது என்கிறது அறிவியல். 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் 2021இல் வெளியான அனைத்திந்திய ஆய்வு, பள்ளி மதிய உணவு பெற்ற தாய்மார்களின் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருப்பதைக் காட்டியது. 2006 முதல் 2016 வரை இந்தியக் குழந்தைகளின் உயரத்தில் ஏற்பட்ட முன்னேற்றத்தில் 13 முதல் 32 விழுக்காடு வரை இத்திட்டத்தோடு தொடர்புடையது என்று மதிப்பிட்டது. ஏழைக் குடும்பங்களுக்கே பயன் மிகுதி. அப்பெண்கள் கூடுதலாகப் படித்தனர், தாமதமாகத் தாயாயினர், மகப்பேற்றுக்கு மருத்துவமனையை நாடினர்.

உணவு நேரடியாகவே மரபில் பதிகிறதா என்பது வேறு கேள்வி. ஸ்வீடனின் ஓவர்காலிக்ஸ் ஊரின் பழைய விளைச்சல் பதிவேடுகளை ஆராய்ந்தோர், பாட்டனாரின் சிறுவயது உணவுக்கும் பேரப்பிள்ளைகளின் ஆயுளுக்கும் தொடர்பு கண்டனர். அங்கே தந்தைவழிப் பாட்டன் கண்ட மிகுவிளைச்சலே பேரர்களின் ஆயுளைக் குறைத்தது. சிறிய மக்கள்தொகையில் கண்ட இம்முடிவு இன்றும் விவாதத்தில் உள்ளது. 1993இல் தொடங்கிய புனே ஆய்வோ, மெலிந்து பிறக்கும் நம் குழந்தைகளின் உடலில் கொழுப்பு ஒப்பளவில் மிகுந்திருப்பதைக் கண்டது. பின்னாளைய நீரிழிவுக்கு அங்கேயே வித்திடப்படுகிறது.

இங்கே கவனம் தேவை. 'தலித் உடல் பிறப்பிலேயே பலவீனமானது' என்று இவ்வாய்வுகளைத் திரித்துரைக்க ஆதிக்கச் சாதியினர் தயங்கமாட்டார்கள். ஆய்வுகள் சொல்வது அதன் நேர்மாறு. ஊனம் குருதியில் இல்லை. பண்ணையில் கூழே கூலியாக அளக்கப்பட்ட வரலாற்றில் இருக்கிறது. ஒரு தலைமுறைக்குச் சோறிட்டால் அடுத்த தலைமுறை நிமிர்கிறது.

வறுமை மட்டுமே காரணமுமன்று. ஒன்பது மாநிலங்களின் தரவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வின்படி, உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் சராசரி ஆயுள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் குறைவு. பொருளாதார நிலையைக் கணக்கில் கொண்ட பின்னும் இந்த இடைவெளி மறையவில்லை. தீண்டாமை மிகுந்த பகுதிகளில் தலித் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடும் மிகுதி என்று பொருளியலாளர் அஸ்வினி தேஷ்பாண்டேயும் ராஜேஷ் ராமச்சந்திரனும் காட்டியுள்ளனர்.

சத்துணவுக் கூடமும் சாதிக்கு விலக்கானதல்ல. சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கு முன்னுரிமை தரவேண்டும் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாதெனச் சாதி இந்துக்கள் தடுத்தனர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது. அக்கூடத்தைப் பாதுகாப்பது ஒரு பெண்ணின் வேலையை மட்டுமன்று, பிறக்கப்போகும் குழந்தைகளின் உடல்நலத்தையும் பாதுகாப்பதாகும்.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013இன் பிரிவு 4, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அங்கன்வாடி வழியே இலவச உணவையும், ரூ.6,000க்குக் குறையாத மகப்பேற்று உதவியையும் உரிமையாக்கியுள்ளது. வேலைக்குப் போகாத நாளில் கூலியற்றுப்போகும் பட்டறைப் பெண்ணுக்கு இது உயிராதாரம். மாணவத் தோழர்கள் தம் ஊர் அங்கன்வாடியிலிருந்தே தொடங்கலாம்: எத்தனை கர்ப்பிணிகள் பதிவாயினர், எவருக்கு உதவி வந்தது, எவருக்கு வரவில்லை? தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. நாம் கேட்பது சலுகையன்று. தலைமுறைகளாய் மறுக்கப்பட்ட சோற்றுக்கான ஈடு.