மருந்துக்கு மசியாத கிருமி

வாழைப்பூவை நறுக்கினால் உடனே மோர் கலந்த தண்ணீரில் போட்டு வைக்கிறோம். போடாவிட்டால் சற்று நேரத்தில் கறுத்துப் போகும். காற்றிலுள்ள பிராணவாயு செய்கிற வேலை அது. இரும்பு வாணலியில் துரு ஏறுவதும் அதே வாயுவின் கைங்கரியந்தான். நாம் உயிர் வாழ அவசியமான பிராணவாயு, தொட்டதையெல்லாம் அரிக்கவும் செய்கிறது! இந்த அரிப்பையே நம் உடம்பு ஓர் ஆயுதமாக வைத்துக் கொண்டிருக்கிறது என்றால் ஆச்சரியமாக இல்லையா?

நோய்க் கிருமி உள்ளே புகுந்ததும் சில வெள்ளணுக்கள் அதை அப்படியே விழுங்கி, பிராணவாயுவிலிருந்து தயாரித்த காரமான சரக்குகளை அதன்மேல் கொட்டுகின்றன. அவற்றில் ஒன்று ஹைட்ரஜன் பெராக்ஸைட். புண்ணைக் கழுவ நர்ஸம்மா ஊற்றும்போது பொங்கி நுரைக்குமே, அதேதான். அநேகக் கிருமிகளின் கதை அத்துடன் முடிந்தது.

ஆனால் 'காலா ஆஜார்' ஜுரத்தை உண்டாக்கும் கிருமி இருக்கிறதே, அது அந்த வெள்ளணுவுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது! மணல் ஈ கடித்துப் பரவும் வியாதி இது. வாரக்கணக்கில் ஜுரம், வீங்கிய மண்ணீரல், சோகை, மெலிவு. வைத்தியம் செய்யாவிட்டால் அநேகமாக மரணம். 1903-ம் ஆண்டில் லீஷ்மன் என்ற ராணுவ டாக்டரும், நம் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் டானவனும் தனித்தனியே இக்கிருமியை அடையாளம் காட்டினார்கள். யாருக்குப் பெருமை என்ற சண்டையே வேண்டாமென்று, 'லீஷ்மேனியா டானவனி' என்று இருவர் பெயரையும் சூட்டி விட்டார்கள்.

எரியும் அடுப்புக்குள் இருந்துகொண்டு அது எப்படிப் பிழைக்கிறது? அதனிடம் 'டிரைபனோதையோன்' என்றொரு ரசாயனம் இருக்கிறது. வாயில் நுழையாத பெயர்தான், போகட்டும். 1985-ல்தான் விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தார்கள். வெள்ளணு கொட்டும் பெராக்ஸைடை, சில என்ஸைம்களின் ஒத்தாசையுடன் இது வெறும் தண்ணீராக்கி விடுகிறது. செலவான சரக்கைப் புதுப்பித்துக் கொடுக்க இன்னோர் என்ஸைம் காத்திருக்கிறது.

இந்த வியாதிக்கு வெகுகாலம் கைகொடுத்த மருந்து ஆண்டிமனி. அஞ்சனக்கல்லில் உள்ள உலோகம் அதுதான். கல்கத்தாவில் டாக்டர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920-ல் அதிலிருந்து தயாரித்த ஊசி மருந்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது. கிருமியின் அந்தக் காவல் சரக்கைக் குலைப்பதே ஆண்டிமனியின் முக்கியமான வேலை என்று பிற்பாடு தெரிந்தது.

எத்தனை காலம் கிருமி சும்மா இருக்கும்? பீகாரில் ஒரு காலத்தில் பத்து நாளுக்குள் முடிந்த ஊசி, 1990 வாக்கில் முப்பது நாளாக நீண்டது. அப்படியும் குணமில்லை. காசி இந்து ஸர்வகலாசாலையின் டாக்டர் சியாம் சுந்தர் குழுவினர் 2000-ல் வெளியிட்ட கணக்கின்படி, அங்கே நூற்றுக்கு 35 பேருக்குத்தான் ஆண்டிமனியால் குணமாயிற்று. பக்கத்திலுள்ள உத்தரப் பிரதேசத்திலோ 86 பேருக்கு!

நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளைப் பரிசோதித்தபோது விஷயம் விளங்கியது. மசியாத கிருமிகளில் பெராக்ஸைடை முறிக்கும் என்ஸைம் அதிகமாக இருந்தது. காவல் சரக்கையும் கூடுதலாகச் செய்து, அதைக் கொண்டே ஆண்டிமனியைப் பிடித்துக் கட்டி ஒதுக்கி விடவும் கற்றுக்கொண்டிருந்தன.

கற்றுக் கொடுத்தது யார்? வைத்தியர்கள் சிலர் சொற்ப அளவில் ஊசியை ஆரம்பித்தார்கள். சிலர் 'உடம்பு தாங்காது' என்று நடுவில் இடைவெளி விட்டார்கள். ஜுரம் தணிந்ததும் நோயாளியும் நின்று விட்டார். தினமும் கூலியை விட்டு, பிள்ளையைத் தூக்கிக் கொண்டு ஒரு மாதம் ஊசிக்கு நடக்க வேண்டிய ஏழைத் தாயைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொல்லப் போதாத மருந்து கிருமிக்குப் பாடம் நடத்தியது என்பது மட்டும் நிஜம்.

கிணற்றுத் தண்ணீர் மேலும் ஒரு சந்தேகம் விழுந்தது. பீகாரில் பல குழாய்க் கிணறுகளில் ஆர்ஸெனிக் என்ற பாஷாணம் கலந்திருக்கிறது. அது ஆண்டிமனிக்கு ரசாயன உறவு. ஆர்ஸெனிக் கலந்த நீரைக் குடித்த எலிகளின் உடம்பில் வளர்ந்த கிருமிகள் ஆண்டிமனிக்கு மசியாதவையாக மாறியதை 2013-ல் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். நோயாளிகளிடையே விசாரித்தபோது அத்தனை தெளிவான தொடர்பு அகப்படவில்லை.

ஆண்டிமனி கைவிட்ட பிறகு, 2002-ல் வாய்வழி சாப்பிடும் மில்டிஃபோஸின் வந்தது. கருவிலுள்ள சிசுவுக்குக் கேடு செய்யக் கூடியதாகையால் கர்ப்பிணிகளுக்கு அது கூடாது. இப்பொழுது முதலிடம் பெற்றிருப்பது, நுண்ணிய கொழுப்புத் துளிகளில் பொதிந்த ஆம்ஃபோடெரிஸின். இது கிருமியின் மேல்தோலையே ஓட்டை போடுகிறது. 2014 முதல் நம் நாட்டுத் திட்டத்தில் இதைத்தான் கொடுக்கிறார்கள். நரம்பு வழியே ஒரே ஒரு தடவை, சில மணி நேரம் ஏற்றினால் போதும். அன்று மாலையோ மறுநாளோ தாயும் பிள்ளையும் வீடு திரும்பி விடலாம். நடுவில் நிறுத்துவதற்கு அங்கே நாளே கிடையாது.