கேள்வி வங்கியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

நீட் எழுதும் பிள்ளைக்குக் கேள்வி வங்கி வாங்கப்போகும் பெற்றோரே, அட்டையில் "10,000 வினாக்கள்" என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பின்பக்கத்தைத் திருப்புங்கள். விடையாக வெறும் 1, 2, 3, 4 மட்டும் இருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஒரு விடை ஏன் சரி, மற்ற மூன்றும் ஏன் தவறு என்று சொல்லாத புத்தகம் பிள்ளையைக் குருட்டு ஊகத்துக்குத்தான் பழக்கும். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறினால் 1 மதிப்பெண் கழிவு. 2025 தேர்வில் 180 நிமிடத்துக்கு 180 கேள்விகள். யோசித்துத் தடுமாற நேரமே இல்லை.

முதலில் என்சிஇஆர்டி பாடநூல், அடுத்து பழைய நீட் வினாத்தாள்கள். இரண்டும் இணையத்தில் இலவசம். இவற்றை முடிக்காத பிள்ளைமேல் மூன்று தடித்த புத்தகங்களை ஏற்றுவது படிப்பல்ல, சுமை. பத்தாயிரம் கேள்விகளைப் புரட்டுவதைவிட, தவறவிட்ட நூறை மறுபடி போடச் சொல்லுங்கள்.