வண்டியின் மேல் ஒரு வீடு

பயணம் புறப்படும் குடும்பத்தார் முதலில் செய்வது மூட்டை கட்டுவது. எடையைப் பற்றி நினைப்பதோ, விமான நிலையத்தில் பிறர் நிறுத்துப் பார்த்து முகம் சுளிக்கும் வேளையில்தான். இக்குறை நமக்கும் உண்டு என்பதை முதற்கண் ஒப்புக்கொண்டு, நாம் நேரில் கண்ட ஒன்றை வாசக அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

2023ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்க நாட்டின் கொலராடோ மாநிலத்து மலையூர் ஒன்றில், விடுப்பில் சென்றிருந்த பங்குக் குருவுக்குப் பதிலாக இரு மாதங்கள் பணியாற்றினோம். அடுத்த வீட்டில் முதிய தம்பதியர் இருவர். இரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பெரியவர், தம் நெடுநாளைய ஆசையை நிறைவேற்ற ஒரு 'பிக்கப்' வண்டியும் அதன்மேல் வைக்கும் 'கேம்பர்' ஒன்றும் வாங்கியிருந்தார்.

முன்னே ஓட்டுநர் அறையும் பின்னே திறந்த சரக்குத் தொட்டியும் உடையது பிக்கப். அத்தொட்டிக்குள் இறக்கிப் பொருத்தப்படும் சிறு வீடே கேம்பர். பெரியவருடையது கூரை மடங்கி உயரும் வகை. ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும்; காற்று அதிகம் மோதாது, மரக்கிளையும் தட்டாது. தங்குமிடம் சேர்ந்ததும் கொக்கிகளை விடுவித்து உள்ளிருந்து தோளால் உந்தினால் கூரை மேலெழும். சுற்றிலும் கெட்டித் துணிச் சுவர் விரியும். ஓட்டுநர் அறைக்கு மேல் நீண்டிருக்கும் பகுதி படுக்கை. கீழே ஒரு மேசை. அதை மடக்கினால் ஒரு சிறு பிள்ளை உறங்கலாம். அந்த இடம் ஒன்பது வயதுப் பேத்திக்கென்று பனிக்காலத்திலேயே வாக்களிக்கப்பட்டிருந்தது.

உள்ளே தட்டுகளும் பெட்டிகளும் அமைக்கும் வேலை ஒரு மாதம் நடந்தது. மாலைதோறும் நாமும் அங்குச் சென்று ஆணி எடுத்துக் கொடுப்போம். ஒருநாள் அம்மையார் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு நிலையில் ஒட்டியிருந்த சிறு தாளை வாசித்தார். ஏறுவோரும் சரக்கும் சேர்ந்து 1,540 பவுண்டை மீறலாகாது என்றிருந்தது. நம் கணக்கில் ஏறக்குறைய 700 கிலோ. அந்நாட்டு வண்டிகளில் இத்தாள் கட்டாயம் இருக்கும், வாசிப்பவர்தாம் அரியர்.

அம்மையார் சமையலறைத் தராசையும் குளியலறைத் தராசையும் எடுத்து வந்தார். வெறும் கேம்பர் 400 கிலோ. தம்பதியர் இருவரும் 150. தண்ணீர்த் தொட்டி 75 லிட்டர். ஆகவே 75 கிலோ. நிரம்பிய எரிவாயு உருளை 17. ஈய மின்கலம் 30. இதற்குள்ளாகவே 672 ஆகிவிட்டது. அதன்பின் பெரியவரின் கருவிப்பெட்டி 40, வெயில் மறைப்புப் பந்தல் 25, குளிர்பதனப் பெட்டி 20, உணவும் உடையும் பாத்திரமுமாக 50. கூட்டினால் 807. பேத்தியை இன்னும் ஏற்றவில்லை.

"பின்சக்கரத்துக்குக் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டிருக்கிறேனே!" என்றார் பெரியவர். அது போதுமென்றே நாமும் தலையசைத்தோம். அவசரப்பட்டுவிட்டோம் என்பது பின்னரே விளங்கிற்று. ஸ்பிரிங் பட்டை, வண்டி பின்புறம் தாழாமல் நிமிர்ந்து நிற்க உதவும். பிரேக்கையோ அச்சையோ டயரையோ அது வலுப்படுத்துவதில்லை. வண்டி நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துப் பாரம் தகும் என்று கண் ஏமாறுகிறது. அவர்கள் கடக்க வேண்டியிருந்த மொனார்க் கணவாயோ கடல் மட்டத்திலிருந்து 11,312 அடி உயரம். ஏற்றத்தில் மிகைப்பாரம் எஞ்சினைத்தான் வருத்தும். இறக்கத்தில் பிரேக்கைக் காய்ச்சிவிடும். காய்ந்த பிரேக் பிடிக்காது.

"சரி, பேத்தி அடுத்த ஆண்டு வரட்டும்" என்றார் பெரியவர். அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அவளுடைய எடை 30 கிலோ. உங்கள் கருவிப்பெட்டி 40" என்றார். வீட்டுக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிரவு நாம் தேநீர் அருந்தாமலே திரும்பினோம்.

மறுநாள் காலையில் பெரியவர் கருவிப்பெட்டியைத் தரையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். நாற்பது ஆண்டுகள் கையோடு இருந்த ஸ்பேனர்கள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இவ்வண்டிக்குப் பொருந்துவனவற்றை மட்டும் ஒரு துணிப்பையில் இட்டார். 8 கிலோ. பந்தல் கழற்றப்பட்டது. ஈய மின்கலத்துக்குப் பதிலாக 12 கிலோ எடையுள்ள லித்தியம் மின்கலம் வந்தது. விலை அதிகம், எனினும் ஈயத்தில் பாதியளவே பழுதின்றிப் பயன்படுத்தலாம், இதில் பெரும்பகுதியும் ஆகும். உறைகுளிரில் இதற்கு மின்னேற்றம் செய்யலாகாது என்பதால் அதைக் கேம்பரின் உள்ளேயே வைத்தார். தண்ணீர்க் குழாயுள்ள தங்குமிடங்களாகத் தேர்ந்துகொண்டு, தொட்டியில் 25 லிட்டர் மட்டும் நிரப்புவதென முடிவாயிற்று. தம் பங்குக்கு அம்மையார் வார்ப்பிரும்புச் சட்டிகளை விட்டுக்கொடுத்து, உணவு உடைப் பாரத்தை 30 கிலோவாக்கினார். மொத்தம் 662. பேத்தியோடு 692.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டீன்பெக் 1960ஆம் ஆண்டில் இத்தகைய வண்டியில் சார்லி என்ற நாயுடன் நாட்டைச் சுற்றியபோது, படிக்காமல் வைத்திருந்த நூல்களையே 150 பவுண்டு ஏற்றிக்கொண்டாராம். அவ்வண்டி இன்று கலிபோர்னியாவின் சலினாஸ் நகரில் காட்சிக்கு இருக்கிறது. இதைச் சொன்னபோதுதான் பெரியவர் சிரித்தார்.

குறைக்கக் கூடாதவையும் சில உண்டு. சமையல் வாயுவாகிய புரோப்பேன் காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையில் தேங்கும். ஆதலால் அதைக் காட்டும் கருவி தரையோரமாக இருத்தல் வேண்டும். கார்பன் மோனாக்சைடோ மணமற்ற நஞ்சு. அதற்கும் எச்சரிக்கை மணி வேண்டும். குளிருக்காக அடுப்பை எரியவிட்டு உறங்குதல் அறவே ஆகாது. தீயணைக்கும் குப்பி வாசலருகே மாட்டப்பட்டது. வண்டி ஓடும்போது பின்னே படுத்து வருவேன் என்று அடம் பிடித்த பேத்திக்கு, ஓட்டுநர் அறையின் பின்னிருக்கையில் பெல்ட்டோடுதான் இடம் என்று பாட்டி உறுதியாகச் சொல்லிவிட்டார்.

புறப்படும் நாளில், லாரிகள் தங்கும் நிலையமொன்றின் எடைமேடையில் மூவரும் ஏறிய வண்டியை நிறுத்தினார்கள். முன்னச்சு, பின்னச்சு என்று எடை தனித்தனியே அச்சாகி வந்தது. இரண்டும் வரம்புக்குள். அச்சீட்டைப் பெரியவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, உட்டா மாநிலத்து ஆர்ச்சஸ் தேசியப் பூங்காவின் படம் போட்ட அஞ்சலட்டை ஒன்று பேத்தியின் கையெழுத்தில் வந்தது. கணவாயிலிருந்து இறங்கும்போது தாத்தா இரண்டாம் கியரில் மெல்ல ஓட்டியதாகவும், பின்னால் வந்தவர்கள் ஒலியெழுப்பியதாகவும், பாட்டி அவர்களுக்குக் கையசைத்ததாகவும் எழுதியிருந்தாள். பந்தல் இல்லாததால் வெயில் கடுமை என்று ஓரத்தில் பெரியவர் ஒரு வரி சேர்த்திருந்தார்.