அடிபட்ட மயிலை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகலாமா? டெல்டா வயல்களில் காயம்படும் காட்டுயிர்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறது?

தை மாத அறுவடை. ஒரத்தநாடு பக்கமோ பாபநாசம் பக்கமோ ஒரு சம்பா வயல். அறுவடை மெஷின் ஒரு சுற்று வந்து திரும்பும்போது, சாய்ந்து கிடந்த கதிருக்குள்ளிருந்து ஏதோ துள்ளி விழுகிறது. இறங்கிப் பார்த்தால் பெண் மயில். ஒரு கால் தொங்குகிறது. மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது.

"சாக்குல சுத்தி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி மஞ்சப் பத்துப் போடலாம்" என்கிறார் ஒருவர். "வேணாம்ப்பா, ஃபாரஸ்ட்காரங்க கேஸ் போட்டுருவாங்க" என்கிறார் இன்னொருவர். மூன்றாவது ஆள், "வரப்புல விட்டுட்டு வா, அதுவா போயிரும்" என்கிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் டெல்டாவில் விவசாயம் பார்க்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்நியமான காட்சி இல்லை. மயில் நெல்லைத் தின்கிறது என்ற கோபம் ஊரில் இருந்தாலும், துடிக்கும் உயிரைப் பார்த்தால் கை தானாக நீளும். நீண்ட கையைப் பின்னுக்கு இழுப்பது கேஸ் பயம். அந்தப் பயம் எவ்வளவு நியாயம்?

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குக் கொல்வது மட்டும் பொருள் அல்ல, பிடிப்பதும் வேட்டைதான். மயில் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதாவது உச்சபட்சப் பாதுகாப்பு. முதல் அட்டவணை விலங்கை வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். அபராதத்தை இந்த அளவுக்கு உயர்த்தியது 2022-ம் ஆண்டு திருத்தம். 2023 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது.

இதைக் கேட்டால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். ஆனால் அதே சட்டத்தின் 39-வது பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை. அரசின் சொத்தாகக் கருதப்படும் ஒரு காட்டுயிர் எந்த வகையிலாவது உங்கள் கைக்கு வந்தால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ வனத்துறை அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. சொல்லாமல் வைத்துக்கொள்வதில்தான் சிக்கல். அடிபட்ட உயிரைத் தூக்கி அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டு அப்போதே போன் செய்கிற ஆளும், ஆறு மாதம் கொல்லைப்புறத்தில் வளர்த்துவிட்டு ரீல்ஸ் போடுகிற ஆளும் சட்டத்தின் முன் ஒன்றல்ல.

"நல்லாத்தானே பார்த்துக்கிட்டேன்!"

இரண்டு வழக்குகளைப் பார்த்தால் இது புரியும். உத்தரப்பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் ஒரு விவசாயி, கால் முறிந்து கிடந்த சாரஸ் கொக்கைக் காப்பாற்றினார். குணமான பிறகும் அது அவர் பைக்குக்குப் பின்னாலேயே பறந்து வந்தது, வீடியோ வைரல். 2023 மார்ச்சில் வனத்துறை பறவையை எடுத்துக்கொண்டு போனது, அவர் மீது வழக்கும் பதிவானது. அந்தக் கொக்கு கடைசியில் கான்பூர் உயிரியல் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது.

நம்ம ஊர் வழக்கு 2024-ல் வந்தது. சோளிங்கரில் நாய்கள் கடித்துக் குதறிய ஒரு குட்டிக் குரங்குக்குக் கோவை கால்நடை மருத்துவர் ஒருவர் சிகிச்சை அளித்து, பல மாதம் தானே பராமரித்தார். வனத்துறை அதை வண்டலூருக்குக் கொண்டுபோனதும் அவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பூங்காவுக்குச் சென்று குட்டியைப் பார்க்க நீதிமன்றம் அனுமதித்தது. ஆனால் அவரிடம் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டது.

இரண்டிலும் காப்பாற்றியவர் பக்கம்தான் மனசு போகும். எனக்கும் அப்படித்தான். ஆனால் மனிதக் கையில் வளர்ந்த விலங்கு மனிதப் பயத்தை இழந்துவிடுகிறது. பயம் போன குரங்கு அடுத்த தெருவில் கல்லடி படும். பயம் போன மயில் நாயிடம் மாட்டும். குணப்படுத்துவது பாதி வேலைதான். திரும்ப வெளியே வாழக்கூடிய நிலையில் வைத்திருப்பதே கஷ்டமான மீதி. அதை வீட்டில் செய்ய முடியாது என்பதுதான் சட்டத்தின் பின்னால் இருக்கும் காரணம்.

சரி, முதல் ஒரு மணி நேரம்?

துணியால் மூடித் தூக்கி, காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வைப்பதே பெரிய முதலுதவி. காட்டுயிருக்குக் காயத்தைவிட நம்மைப் பார்க்கும் பயமே சில நேரம் எமனாகிவிடும். சுற்றி நின்று செல்ஃபி எடுக்கும் கூட்டத்தின் நடுவில் பறவை அதிர்ச்சியிலேயே செத்துப்போகலாம். "ஐயோ பாவம்" என்று அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். குட்டிகளுக்கு மாட்டுப்பால் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரும். பாலூட்டி கடித்தாலோ பிராண்டினாலோ சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரேபிஸ் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாக் குட்டியும் அநாதை இல்லை. கரும்புக்கொல்லையிலும் நெல் வயலிலும் காட்டுப்பூனை குட்டி போடும். அறுவடையில் குட்டிகள் வெளியே தெரிந்தால், 'தாய் விட்டுட்டுப் போயிருச்சு' என்று ஊரே முடிவு கட்டும். உண்மையில் அது பக்கத்து வயலில் ஒளிந்து நின்று இருட்டுக்காகக் காத்திருக்கலாம். மகாராஷ்டிராவின் ஜுன்னர் வட்டாரத்தில் கரும்பு வெட்டும்போது சிறுத்தைக் குட்டிகளே கிடைக்கும். கிடைத்த இடத்திலேயே பெட்டியில் வைத்து, இரவில் தாய் வந்து தூக்கிப்போகும்வரை கண்காணிப்பதை அங்கே வழக்கமாகவே ஆக்கிவிட்டார்கள். பக்கத்திலேயே மாணிக்டோ என்ற ஊரில் சிறுத்தை மீட்பு மையம் இருப்பதால் அது சாத்தியமாகிறது.

போன் செய்த பிறகு எங்கே போகும்?

டெல்டாவின் உண்மையான பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. காட்டுயிர் என்றால் காட்டில் இருக்கும் என்ற கணக்கில்தான் வனத்துறையின் ஆளும் வசதியும் பரவியிருக்கின்றன. தஞ்சாவூரோ வயலும் வாய்க்காலுமான மாவட்டம். இங்கே வயல்தான் காடு. வாய்க்காலில் நீர்நாய், கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கம் முதலை, பனந்தோப்பில் கூகை. எலிமருந்து தின்ற எலியைத் தின்று மயங்கி விழும் ஆந்தை எந்த வன எல்லைக்குள்ளும் விழுவதில்லை.

2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில் சிறுத்தை தென்பட்டபோது, கேமராவோடும் கூண்டோடும் அனுபவசாலிகளை மேற்குத் தொடர்ச்சி மலைப்பக்கமிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. சிறுத்தைக்கு வருவார்கள். கூகைக்கு வருவார்களா? வண்டலூர் தஞ்சையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். திருச்சி எம்.ஆர்.பாளையத்தில் இருப்பது யானைகளுக்கான மையம். ஆகவே ஊர்க் கால்நடை மருந்தகம்தான் கதி. அங்கே உள்ள மருத்துவர் ஆடு, மாடு பார்க்கவே நேரமில்லாதவர். ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவர்களும் மாணவர்களும் இருக்கிறார்கள். நான்கு கூண்டும் ஒரு வண்டியும் ஒரு போன் நம்பரும் சேர்ந்தால் டெல்டாவுக்கு ஒரு தற்காலிகப் பராமரிப்பு மையம் அங்கேயே அமையலாம் என்பது என் கருத்து.

கடலில் நடந்தது

நடக்காத காரியம் இல்லை இது. இதே மாவட்டத்தின் கடற்கரையில் நடந்திருக்கிறது. பாக் நீரிணையில் கடல்புல் மேயும் கடல்பசுவை மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய பாலூட்டி. வலையில் சிக்கினால் மூழ்கியே செத்துவிடும். ஒருகாலத்தில் சிக்கியது கறியானது. இப்போது கீழத்தோட்டம் போன்ற தஞ்சைக் கடலோர ஊர்களின் மீனவர்கள் வலையை அறுத்து அதைக் கடலிலேயே விடுகிறார்கள். வனத்துறை பாராட்டி ரொக்கப் பரிசும் கொடுத்திருக்கிறது. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை கடல்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரில் நாட்டின் முதல் கடல்பசு பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது.

மீனவர் மனசு மட்டும் மாறவில்லை, கணக்கும் மாறியது. விடுவித்தால் கேஸ் வராது, அறுந்த வலைக்காகக் கையில் ஏதாவது வரும் என்று தெரிந்தது. மெஷினை அரைமணி நேரம் நிறுத்தி மயிலைத் தூக்கும் விவசாயிக்கு அந்த அரைமணி வாடகையை யார் கொடுப்பது? அப்படி ஒரு பேச்சு இதுவரை என் காதில் விழவில்லை.