அரை என்பது எதில் பாதி?

நண்பர் ஒருவர் தாம் எழுதிய கட்டுரையைப் பிழைதிருத்தித் தரச் சொல்லிக் கொடுத்தார். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் காலைநடையின்போது பழக்கமானவர். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கி சுடும் மன்றமொன்றில் வெகுகாலமாக உறுப்பினர். தமிழ் கற்பிப்பவனிடம் எவரும் ஒரு கட்டுரையைக் கொடுப்பது பிழைதிருத்தத்துக்குத்தான், கருத்துக்கு அல்ல என்பது இருபதாண்டு ஆசிரியப் பணியில் எனக்குப் பழகிவிட்டது. பன்னிரண்டு பக்கங்கள். சாரம் இதுதான்: அரைத்தானியங்கி விளையாட்டு ரைபிள்களை இந்தியக் குடிமக்கள் வாங்கவும், விருப்பப்படி மாற்றியமைக்கவும், வீட்டில் வைத்துப் பராமரிக்கவும் சட்டம் இடந்தர வேண்டும், இன்று அதைத் தடுக்கும் சட்டம் வெள்ளைக்காரன் நம்மை நிராயுதபாணிகளாக்கிய சட்டத்தின் வாரிசு. ஒற்றுப்பிழைகளைத் திருத்திவிட்டேன். ஏனைய பிழைகளை அவருடைய அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல். 'அரை' என்று கேட்டதுமே நம் மனம் ஆபத்தையும் பாதியாகக் கணக்கிட்டுக்கொள்கிறது. அரைவேக்காடு, அரைகுறை, அரைமனது என்று தமிழில் அரை பெரும்பாலும் ஒரு குறையைச் சொல்ல வருவது. இயந்திரத்தில் அப்படி எந்தக் குறையும் இல்லை. ஒரு குண்டு வெடிக்கும் வேகத்திலேயே காலித் தோட்டா வெளியே எறியப்பட்டு, அடுத்த தோட்டா மேகசினிலிருந்து ஏறி, துப்பாக்கி மீண்டும் சுடத் தயாராகிவிடுகிறது. மனிதனுக்கு மிச்சமிருக்கும் வேலை ஒவ்வொரு முறையும் விசையை இழுப்பது மட்டும். நம் படைக்கலத் தொழிற்சாலைகள் பொதுமக்களுக்கென்று செய்த .315 ரைபிளில் ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் போல்ட்டைக் கையால் தூக்கி, பின்னிழுத்து, முன்தள்ளி, பூட்ட வேண்டும். அந்த இடைவெளியில் ஓடுகிறவன் ஓடலாம். சுடுகிறவனுக்குப் புத்தி வரலாம். அரைத்தானியங்கி பறித்துக்கொள்வது இந்த இடைவெளியைத்தான். கலைச்சொல் ஆக்கியவர்கள் 'தன்னேற்றித் துப்பாக்கி' என்று பெயரிட்டிருந்தால் நண்பரின் கட்டுரைக்குப் பாதி வலு குறைந்திருக்கும்.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இவ்விஷயத்தில் அவ்வளவு மூடத்தனமானதல்ல. விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும் முழுத்தானியங்கியைத் தடைசெய்யப்பட்ட ஆயுதமென்று சட்டமே வரையறுக்கிறது. அரைத்தானியங்கி ரைபிளைச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் சாதாரண உரிமத்துக்கு எட்டாத வகையில் வைத்திருக்கின்றன. கைத்துப்பாக்கியில் மட்டும் அந்த இயக்கத்துக்கு இடமுண்டு.

அடுத்து 'விளையாட்டு'. நண்பர் அபினவ் பிந்த்ராவையும் சென்னையில் பிறந்த ககன் நரங்கையும் பக்கத்துக்குப் பக்கம் சாட்சிக்கு அழைக்கிறார். 2008இல் பிந்த்ரா தங்கம் வென்றதும் 2012இல் நரங் வெண்கலம் வென்றதும் பத்து மீட்டர் காற்றழுத்த ரைபிளில். 2024இல் பாரிசில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற ஐம்பது மீட்டர் போட்டியில் தோட்டாவை ஒவ்வொன்றாகக் கையால் இடுகிறார்கள். ஒலிம்பிக் ரைபிள் போட்டி எதிலும் அரைத்தானியங்கிக்கு வேலையே இல்லை. கைத்துப்பாக்கிப் போட்டிகளில்தான் உண்டு. வீரர்களைச் சட்டம் வஞ்சிக்கிறது என்பதும் எடுபடாது. 2019இன் திருத்தம் ஓர் உரிமதாரர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. ஆனால் 2020 பிப்ரவரியில் வந்த அறிவிக்கை, புகழ்பெற்ற சுடும் வீரர்கள் பன்னிரண்டு வரை கூடுதலாக வைத்திருக்க வழிசெய்தது. பன்னிரண்டும் போதாத விளையாட்டு எது என்று ஏரிக்கரையில் கேட்டேன். "உங்களுக்கு இதெல்லாம் புரியாது சார்" என்றார். புரியாமல் இருக்கலாம்.

மாற்றியமைத்தல் பற்றி அவர் எழுதியிருப்பதுதான் எனக்கு உண்மையிலேயே அச்சமூட்டியது. அமெரிக்கக் காணொளிகளில் கட்டையையும் விசையையும் மேகசினையும் குழந்தைகளின் அடுக்குப்பொம்மைபோல் கழற்றி மாட்டுகிறார்களாம். அந்தச் சுதந்திரம் நமக்கும் வேண்டுமாம். நியூசிலாந்தில் 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் நகரப் பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் சாதாரண உரிமம் உள்ளவன். அந்த உரிமத்தில் கடையில் வாங்கக் கிடைத்த அரைத்தானியங்கி ரைபிள்களில், தனியாக வாங்கிய பெரிய மேகசின்களைப் பொருத்திக்கொண்டான். துப்பாக்கிக்குப் போட்ட வரம்பு மேகசினுக்கு இல்லை, அவ்வளவுதான் ஓட்டை. ஒரு மாதம் முடிவதற்குள் அந்நாட்டு நாடாளுமன்றம் 119க்கு 1 என்ற வாக்கில் அவற்றில் பெரும்பாலானவற்றைத் தடை செய்தது. ஆஸ்திரேலியா இதே பாடத்தை 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேரை இழந்து கற்றது. நம் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு துப்பாக்கியை மாற்றவும் பழுதுபார்க்கவுங்கூட உரிமம் கேட்கிறது. ஆறாம் பிரிவு குழலைக் குறுக்குவதற்குத் தனியே உரிமம் கேட்கிறது. நண்பருக்கு இவை சிவப்புநாடா. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பீர்க்கன்கரணையில் என் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் இடையே ஓர் ஆட்டோ போகலாம். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையருகே 2021 டிசம்பர் 30 அன்று, பயிற்சி பெற்ற காவலர்கள் சுடும் தளத்திலிருந்து புறப்பட்ட குண்டு ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் தாத்தா வீட்டிலிருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். மலையும் வெட்டவெளியும் உள்ள ஊரிலேயே இப்படியென்றால், இரும்புலியூருக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவில் ரைபிள் குண்டுக்குப் போகப் பாதை எங்கே இருக்கிறது?

இனி வரலாறு. இங்கே நண்பர் சொல்வதில் பெரும்பகுதி சரி. அதனால்தான் கோபம் கூடுதலாக வருகிறது. மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, 1801 டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் தென்பாண்டிச் சீமையின் ஆயுதங்களைப் பறித்தது. 1878இல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் இந்தியனிடம் உரிமம் கேட்டது, ஐரோப்பியனுக்கு விலக்களித்தது. மணியாச்சியில் 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கியும் அரைத்தானியங்கிதானே என்று நண்பர் மகிழ்கிறார். வாஞ்சி அதற்கு உரிமம் கேட்டு எந்த அலுவலகத்திலும் மனுப்போடவில்லை. அடுத்த குண்டைத் தனக்கே வைத்துக்கொண்டவனை ஓய்வுக்காலப் பொழுதுபோக்குக்கு ஆதரவாளனாக்குவது என்ன நியாயம்?

பராமரிப்புக்கு நான்கு பக்கங்கள். எண்ணெய், துடைக்கும் துணி, குழல் தூரிகை, மழைக்காலத்து ஈரம், துருவின் முதல் செம்புள்ளி. கட்டுரையில் உயிருள்ள பகுதி இதுதான். ஒரு வரியைக்கூட அடிக்க எனக்கு மனம் வரவில்லை. படிக்கும்போது வகுப்பில் ஆண்டுதோறும் நடத்தும் புறநானூற்றின் 95ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. தொண்டைமானின் ஆயுதசாலையில் அணிசெய்து காவலுக்குள் வைத்தவற்றையும், அதியமானுடையவை பழுதுபட்டுக் கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் ஔவை அருகருகே வைத்துக் காட்டும் பாட்டு. நண்பர் தொண்டைமான் கட்சி. அதில் தவறில்லை. எண்ணெய் பூசி அழகு பார்ப்பதற்கு ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியே தாராளம் என்கிறேன்.

ஆயுதம் கைத்தொழிலாக, சோறாக இருந்தவர்கள் இந்நாட்டில் உண்டு. குடகில் கொடவர்களுக்கு உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. அவர்களுக்கு நிலம் இருக்கிறது, படைப்பிரிவுகளில் பெயர் இருக்கிறது, பேச ஆளிருக்கிறது. நம் நரிக்குறவருக்கு? குழலின் வாய்வழியே கருமருந்து கொட்டி, தேங்காய் நார் திணித்து, ரவை இட்டு, கம்பியால் கிட்டித்து, ஒரே ஒரு முறை சுடும் நாட்டுத் துப்பாக்கி அவர்களுடையது. அதன் பராமரிப்பைப் பற்றி யாரும் நான்கு பக்கம் எழுதவில்லை. 1972இன் வனவுயிர்ச் சட்டம் வேட்டையை நிறுத்தியது, நிறுத்தியது சரியே. தொழில் போனவர்களுக்கு மாற்றாகக் கிடைத்தது ஊசிமணியும் பாசிமணியும் ரயிலடி நடைமேடையும். பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறுவதற்கு 2023 ஆக வேண்டியிருந்தது. 1801ஐயும் 1878ஐயும் சொல்லி நியாயம் கேட்கும் தகுதி யாருக்காவது இருந்தால் அது இவர்களுக்கு. பன்னிரண்டு பக்கத்தில் இவர்களுக்கு ஒரு வரி இல்லை.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல்நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதைப் பேரவமானம் என்று நண்பர் முடித்திருக்கிறார். அவருக்கு ரசீது தருகிறார்கள். தேர்தல் முடிந்ததும் எடுத்துவந்து எண்ணெய் போடுகிறார். தாம்பரம் நிலையத்தில் பாசி கோத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் அவர் தகப்பனாரின் துப்பாக்கி என்னவாயிற்று என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். "வந்தாங்க, எடுத்துட்டுப் போனாங்க சாமி" என்றார். ரசீது கொடுத்தார்களா என்று கேட்டதற்கு, கோத்த கையை நிறுத்தாமல் சிரித்தார்.

கட்டுரையைத் திருப்பிக் கொடுக்கும்போது நரிக்குறவரைப் பற்றி ஒரு பத்தி சேர்க்கும்படி சொன்னேன். பக்கம் ஏற்கெனவே அதிகமாகிவிட்டது என்றார் நண்பர்.