‘சுப்பர்’ என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுப்பவர்கள்

பிள்ளைகள் தாங்கள் எடுத்த படத்தைக் காட்டும்போது எங்கட பெரியவர்கள் இரண்டு வகையாக நடந்துகொள்கிறார்கள். ஒரு வகை, போனை வாங்கி இரண்டு செக்கன் பார்த்து "சுப்பர்", "மாஷா அல்லாஹ்" என்று திருப்பிக் கொடுப்பவர்கள். மற்ற வகை, "இதெல்லாம் ஒரு படமா, போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்பவர்கள். இரண்டாவது வகையை எல்லோரும் குறை சொல்கிறோம். எனக்கு வழக்கு முதல் வகையோடுதான் அதிகம்.

(படம் எடுப்பது கூடுமா கூடாதா என்ற பேச்சை உலமாக்களிடம் விட்டுவிடுகிறேன். தயவுசெய்து இங்கே அதை ஆரம்பிக்க வேண்டாம்.)

"சுப்பர்" என்றால் என்ன? வானம் சுப்பரா, நின்ற இடம் சுப்பரா, எடுத்த நேரம் சுப்பரா? பிள்ளைக்குத் தெரியாது. அடுத்த படத்தையும் அப்படியே எடுக்கும். ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வை ஆசிரியர் பயிற்சியில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பகுதி மாணவர்களுக்குப் புள்ளி மட்டும், இன்னொரு பகுதிக்கு எழுத்தில் கருத்து மட்டும், மூன்றாவது பகுதிக்கு இரண்டும். கருத்து மட்டும் கிடைத்தவர்கள்தான் முன்னேறினார்கள். இரண்டும் கிடைத்த பிள்ளைகள் புள்ளியைப் பார்த்துவிட்டுக் கருத்தை விட்டுவிட்டார்கள் போலும், அவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. "சுப்பர்" என்பதும் ஒரு புள்ளிதான். நூற்றுக்கு நூறு போட்டுக் கொப்பியை மூடுகிற வேலை.

திட்டுகிற வகைக்கும் ஒரு கதை உண்டு. 1930களில் அமெரிக்க அரசு, வறுமைப்பட்ட விவசாயக் குடும்பங்களைப் படம் எடுக்க ஆட்களை அனுப்பியது. பொறுப்பாக இருந்தவர் ரோய் ஸ்ட்ரைக்கர். தனக்குப் பிடிக்காத நெகட்டிவ்களை அவர் துளையிடும் கருவியால் குத்தி ஓட்டை போட்டார். பிற்காலத்தில் உலகப் பெயர் எடுத்த வோக்கர் எவன்ஸின் நெகட்டிவ்களும் தப்பவில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. பிரதி எடுத்தால் ஒரு மனிதனின் முகத்தில், ஒரு வயலின் நடுவில், கறுப்பாக ஒரு வட்டம். இத்தனைக்கும் எதை எடுக்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி அனுப்பக்கூடிய மனிதர் அவர். விளக்கத் தெரிந்தவர்தான், ஆனாலும் குத்தினார்.

இப்போது எங்கட கரைக்கு வருவோம். திருக்கோவிலில் என்னிடம் படிக்கும் பத்தாந்தரப் பையன் ஒருவன் கரைவலை இழுக்கும் படம் ஒன்றைக் காட்டினான். பாதிக்கு மேல் வானம். கடல் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. வரிசையாக ஆட்கள், எல்லோரும் கறுப்பு நிழல். வகுப்பே "சுப்பர் மச்சான்" என்று முடித்துவிட்டது. நான் கேட்டது ஒன்றுதான்: "எதைக் காட்டுறதுக்கு எடுத்தாய்?"

"அப்பாவை, சேர்."

"அப்பா எங்கே?"

விரலால் தொட்டுக் காட்டினான். எறும்பளவு. "நீ விரலை வைத்தால்தானே எனக்குத் தெரியுது" என்றேன். சிரித்தான். அடுத்த கிழமை கொண்டுவந்த படத்தில் கயிற்றைப் பிடித்த இரண்டு கையும், தாடையும், நனைந்த சாரமும்தான். அது யாருடைய அப்பா என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. கடல் அதிலும் சரிந்துதான் கிடந்தது. அதை அன்றைக்கு நான் சொல்லவில்லை. ஒரு தடவைக்கு ஒன்று போதும். போனின் செட்டிங்ஸில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொள்வது எப்படி என்று பிறகு ஒரு நாள் காட்டிக் கொடுத்தேன்.

வெளிச்சத்தைப் பற்றி எங்கட பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. காலையில் தரைப்பக்கம் நின்று கடலைப் பார்த்து எடுத்தால் முன்னால் நிற்பவர் கறுப்பாகத்தான் வருவார். தண்ணீர் ஓரத்துக்குப் போய்க் கரையைப் பார்த்துத் திரும்பினால் அதே ஆளின் முகம் பளிச்சென்று வரும். பின்னேரம் இது தலைகீழ். கெமரா விலைகூடியதா என்பது இதற்குப் பிறகு வரும் கேள்வி. இன்னொன்று, லென்ஸைத் துடையுங்கள். பாதிப் படங்களின் புகைமூட்டம் கைரேகை எண்ணெய்தான்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு பெரிதாக எழுதுகிறேன் என்று சிலர் நினைக்கலாம். 2004 டிசம்பர் 26இல் எங்கட மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமானோர் போனார்கள். அவர்களோடு அல்பங்களும் போயின. போனவரின் ஒரு படம்கூட இல்லாத வீடுகள் தமிழ், முஸ்லிம் என்ற வித்தியாசம் இல்லாமல் இந்தக் கரை முழுக்க இருக்கின்றன. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியவர்களை எனக்குத் தெரியும். பிள்ளைகள் இன்று விளையாட்டாக எடுக்கும் படம் நாளைக்கு அந்த வீட்டில் மிஞ்சும் ஒரே படமாக இருக்கலாம். அதில் முகம் தெரிய வேண்டாமா?

சில நேரம் "இதை யாருக்கும் காட்டாதே" என்பதும் கருத்துத்தான். மையத்து வீட்டில் அழுபவர்களை, வீட்டு உடுப்போடு நிற்கும் பெண்களைக் கேட்காமல் எடுத்த படம் எவ்வளவு திறமாக வந்திருந்தாலும் நான் முதலில் கேட்பது, "அவங்களிட்டக் கேட்டாயா?" கடலூரில் சுனாமிக்கு இரண்டு நாளைக்குப் பிறகு ரொய்ட்டர்ஸின் ஆர்கோ தத்தா எடுத்த படம் அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. ஒரு பெண் மணலில் விழுந்து இரண்டு கையையும் விரித்து அழுகிறார். இறந்தவரின் கை மட்டும் ஓரத்தில் தெரியும், முகம் தெரியாது. எதைச் சட்டத்துக்கு வெளியே விடுவது என்று சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. ஆனாலும் வகுப்பில் அதைக் காட்டுவதில்லை. வாயால் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறேன். எந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு எப்படிக் காட்டுவது?

போன மாதம் ஒரு மாணவி, தன் அம்மம்மா பன்பாய் இழைப்பதை எடுத்து வந்தாள். அந்த வீட்டில் 2004க்கு முந்திய படம் ஒன்றும் இல்லை. அம்மம்மா அறை மூலையில் இருந்ததால் பாய் தெரிந்தது, முகம் இருட்டு. "கதவடிக்கு வந்து இருக்கச் சொல்லு, நீ ஜன்னல் பக்கம் முதுகு காட்டாதே" என்றேன். இரண்டாவது படத்தில் நெற்றிச் சுருக்கம்வரை தெரிந்தது. நல்லது என்று சொல்லி, எது நல்லது என்றும் சொன்னேன்: அவர் கெமராவைப் பார்க்கவில்லை, பன்னைப் பார்க்கிறார்.

அம்மம்மாவுக்கு மட்டும் திருப்தி இல்லையாம். பல்லைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பேனே, ஏன் சொல்லாமல் எடுத்தாய் என்று கேட்டாராம். மூன்றாவது படத்துக்கு இந்த வெள்ளிக்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள்.